சுங்கச்சாவடியில் நான்கு வழிகள்: நம் பயணத்தை அதிகம் பதிவு செய்வது எது?

இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் வசூலிக்க இன்று நான்கு முறைகள் பேசப்படுகின்றன: ரொக்கம், கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக், நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா, செயற்கைக்கோள் வழிக் கணக்கீடு. இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் வசூல் கசிவையும்தான் எடைபோடுகிறார்கள். வண்டி எப்போது எங்கே போனது என்ற விவரத்தை எந்த முறை எவ்வளவு சேர்த்துவைக்கிறது, அது யார் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்து ஒப்பிட்டால் கிடைக்கும் வரிசை வேறு.

ரொக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொடுப்பவரின் பெயரோ வங்கிக் கணக்கோ பதிவாவதில்லை என்பதால் அந்தரங்கத்தைப் பொறுத்தவரை அதற்கே முதலிடம். ஆனால் 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது முதல், டேக் இல்லாதவர் இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ மூலம் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகச் செலுத்தினால் இரண்டு மடங்கு என்று விதி மாறியது. யுபிஐயும் வங்கியில் தடம் விடும் முறையே என்பதால், பெயர் பதியாமல் பயணம் செய்ய விரும்புகிறவர் அதற்குத் தண்டம் கட்ட வேண்டும் என்பதே அந்த விதியின் பொருள்.

ஃபாஸ்டேக்கைப் பற்றிய அச்சங்களில் பரவலானது தவறானது, பரவாதது உண்மையானது. கார் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் பணத்தை உறிஞ்சிவிடுகிறான் என்று 2022இல் ஒரு காணொளி சுற்றியது. டேக்கில் பணமே இல்லை. அது பேட்டரி இல்லாத ஒரு சில்லு. லேனுக்கு மேலே இருக்கும் ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது அதிலிருந்தே சக்தி பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண் சாவடியின் வங்கியிலிருந்து தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் வழியாக டேக் கொடுத்த வங்கிக்குப் போய், அங்கே கணக்கில் தொகை கழிகிறது. இந்தப் பாதையில் பதிவு செய்யப்பட்ட சாவடிகளுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதால் தெருவில் நிற்பவர் பணம் எடுக்க முடியாது. எண்ணைப் படிப்பது வேறு விஷயம். இந்த வகை டேக், கேட்கும் ரீடர் யாருடையது என்று சரிபார்க்காமலே சில மீட்டர் தூரத்திலிருந்து தன் எண்ணைச் சொல்லிவிடும். நியூயார்க்கில் சாலைக் கட்டணத்துக்கென்று கொடுத்த ஈ-இசட்பாஸ் டேக்குகளை, கட்டணமே இல்லாத தெருக்களில் ரீடர் பொருத்தி, போக்குவரத்தின் வேகத்தை அளப்பதற்காகப் படித்தார்கள்; வண்டி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அதை அறியவில்லை.

இதைவிடப் பெரிய கவலை, முறையாகச் சேரும் பதிவுதான். சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனவரின் கைபேசியைத் திறந்தால் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று குறுஞ்செய்திகள் வரிசையாக நிற்கும். சாவடியின் பெயர், நேரம், பிடித்த தொகை எல்லாம் அவற்றில் இருக்கும். விக்கிரவாண்டிக்கும் செங்குறிச்சிக்கும் இடையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகியிருந்தால், அவர் நடுவில் எங்கோ தங்கியிருக்கிறார் என்று யாரும் ஊகிக்கலாம். இதே வரிசை மாதந்தோறும் ஒரே கிழமையில் திரும்பினால் அது ஒரு வாழ்க்கைக் குறிப்பாகிவிடுகிறது. இது வங்கியின் பரிவர்த்தனைப் பதிவு. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வங்கி இதை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பயன்பாடும் சாலைக் கட்டணத்தோடு நிற்கவில்லை. 2021 ஜனவரி 1 முதல், சரக்கு கொண்டுசெல்ல எடுக்கும் மின்னணு ஆவணமான ஜிஎஸ்டி இ-வே பில்லோடு ஃபாஸ்டேக் இணைக்கப்பட்டு, சரக்கு வண்டி எந்தச் சாவடியைக் கடந்தது என்பதை வரி அதிகாரிகள் பார்க்க முடிகிறது. வரி ஏய்ப்பைப் பிடிக்க அது உதவலாம். ஆனால் சாலைக் கட்டணத்துக்கென்று ஒட்டிய டேக் வேறொரு துறையின் கண்ணாக எவ்வளவு எளிதில் மாறியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். டேக்கைக் கழற்றி வைத்துச் சாவடியில் மட்டும் காட்டும் வழியும் அடைபட்டது: கையில் பிடித்துக் காட்டும் டேக்குகளைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாக நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் கேமராவை விட ஃபாஸ்டேக் மேல் என்பதே என் முடிவு. டேக் ஒட்டியவரை மட்டும்தான் ரீடர் அறியும். நம்பர் பிளேட் கேமராவோ கட்டணத்துக்கே உட்படாத இருசக்கர வாகனம் உட்பட, கண்ணில் படும் எதையும் படித்துவிடக் கூடியது. பிளேட்டை மறைப்பது குற்றம் என்பதால் விலகும் வழியும் இல்லை. தடுப்புக் கம்பம் இல்லாமல் ஓடும் வேகத்திலேயே வசூலிக்கும் புதிய முறையில், குஜராத்தின் சோர்யாசி சாவடிக்குத் திட்டமிட்டதைப் போல, டேக்கும் கேமராவும் சேர்ந்தே இயங்குகின்றன. அங்கே இரண்டின் பதிவும் ஒன்றாகிவிடும்.

செயற்கைக்கோள் முறையைப் பற்றி ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் வந்த விதித்திருத்தம், செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் அறியும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் 20 கிலோமீட்டர் வரை கட்டணமில்லை என்றது. பாதுகாப்பும் அந்தரங்கமும் கருதி மேலும் ஆராய வேண்டியிருப்பதாக அரசே பிறகு சொல்லி, திட்டத்தைத் தள்ளிவைத்தது. வண்டியில் உள்ள கருவி தன் இருப்பிடத்தை ஓயாமல் மையத்துக்கு அனுப்புமானால், நான்கில் இதுவே மிக மோசமானது. சாவடிகளுக்கு இடைப்பட்ட வழி முழுவதும் பதிவாகும். கணக்கைக் கருவிக்குள்ளேயே போட்டு, செலுத்த வேண்டிய தொகையை மட்டும் அனுப்பினால் அது ஃபாஸ்டேக்கைவிட நல்லது. ஜெர்மனியில் 2005 ஜனவரி 1 அன்று சரக்கு வண்டிகளுக்குத் தொடங்கிய முறையில் கணக்கீடு முதலில் வண்டிக் கருவியில்தான் நடந்தது. அதைவிட முக்கியமாக, கட்டணத்துக்காகச் சேர்த்த விவரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் எழுதிவைத்தது.

நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில்தான் கைவிடுகிறது. நோக்கம் முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து 17ஆம் பிரிவு அரசையும் அரசு அமைப்புகளையும் விடுவிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்ன நாட்டில், சுங்கச்சாவடிப் பதிவுக்கு அழிப்பு நாள் குறிக்காமல் தடுப்புக் கம்பத்தை மட்டும் எடுப்பது சரியல்ல. தனி நபர் இதில் செய்யக்கூடியது கொஞ்சமே. வண்டியை விற்கும்போது டேக் கணக்கை வங்கியில் மூடிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவரின் பயணங்கள் உங்கள் பெயரில் சேரும், அவர் போன இடமெல்லாம் உங்கள் கைபேசிக்கு வரும்.