ராணுவ மாடுலேட்டர் ஒன்று, மீட்க மூன்று வழிகள்: எது எப்போது தேறும்?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட வானொலிக் கருவிகளில், யார் கையும் படாமல் தப்பியவை குறைவு. பிசி-456 போன்ற விமான மாடுலேட்டர்கள் (குரலை வானொலி அலை மேல் ஏற்றும் கருவிகள்) இதற்கு நல்ல உதாரணம். 28 வோல்ட் டிசியில் சுழன்று உயர் வோல்ட்டேஜ் தரும் டைனமோட்டர், அதன் சேசிஸ் (உலோகச் சட்டம்) மேலேயே உட்கார்ந்திருக்கும். வாங்கிய ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) முதலில் அதைத்தான் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தார்கள். பிறகு ஹீட்டர் (வால்வு எனும் வெற்றிடக் குழாயைச் சூடாக்கும் இழை) வயரிங்கை மாற்றி, முன்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, ஒலிபெருக்கியை மாட்டிப் பாட்டு கேட்டார்கள்.

இப்படி மாறி வந்த ஒன்றை மீட்க மூன்று வழிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி திருப்புவது ஒன்று. மாற்றத்தை அப்படியே ஏற்று, பழுது நீக்கிப் பத்திரமாக்குவது இன்னொன்று. வெளியே பழைய உருவம், உள்ளே புதிய பாகங்கள் என்பது மூன்றாவது. எதை எடுப்பது என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது. முன்னால் கை வைத்தவர் எதை வெட்டினார் என்பதே தீர்மானிக்க வேண்டும். வயரிங் மாற்றம் ஒரு வாரத்து வேலை, திருப்பிவிடலாம். சேசிஸை அறுத்திருந்தால், மூல இணைப்பியைத் தூக்கி எறிந்திருந்தால், மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் காணாமல் போயிருந்தால், முதல் வழி அங்கேயே முடிந்தது.

மூலத்துக்குத் திருப்புவது

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஹீட்டர் வயரிங். வெளியீட்டு வால்வான 1625-க்கு 12.6 வோல்ட், 0.45 ஆம்பியர். அதில் உள்ள இன்னொரு வால்வான 12ஜே5-க்கும் 12.6 வோல்ட்தான், ஆனால் 0.15 ஆம்பியர் போதும். வீட்டு மின்சாரத்துக்கு மாற்றியவர் இரண்டையும் பேரலலாகக் கட்டி 12.6 வோல்ட் கொடுத்திருப்பார், சிக்கல் இருக்காது. "28 வோல்ட் கருவிதானே" என்று இரண்டையும் அப்படியே சீரிஸாக்கினால், 12ஜே5-ன் மின்தடை 1625-ஐப் போல மூன்று மடங்கு என்பதால், இரண்டு 12.6 சேர்ந்த 25 வோல்ட்டில் ஏறத்தாழ 19 வோல்ட் அதன் தலையிலேயே விழும். கண் கூசும் அளவுக்கு எரிந்து, சீக்கிரமே ஹீட்டர் அறுந்துவிடும். 12ஜே5-க்குக் குறுக்கே 42 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் இருந்தால் மீதி 0.3 ஆம்பியர் அதன் வழியே போய்க் கணக்கு சரியாகும். கழற்றுவதற்கு முன் ராணுவத் தொழில்நுட்பக் கையேட்டின் வரைபடத்தோடு ஒவ்வொரு வயரையும் ஒப்பிட்டு, எண் எழுதிய துண்டு கட்டி, நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அடுத்த கேள்வி சாக்கெட். பலர் 1625-ஐ நீக்கிவிட்டு 807 வால்வைப் போட்டிருப்பார்கள். ஹீட்டரும் அடிப்பாகமும் தவிர இரண்டும் ஒன்றே. 807-ன் ஹீட்டர் 6.3 வோல்ட், 0.9 ஆம்பியர், அடிப்பாகத்தில் 5 பின். 1625-க்கு 7 பின். சாக்கெட்டைச் சுத்தமாக மாற்றியிருந்தால் ஒலியிலோ திறனிலோ எந்த வித்தியாசமும் தெரியாது. அருங்காட்சியகத் தரம் வேண்டும் என்பவர் மட்டும் இதைத் திருப்பலாம். மற்றவர்களுக்கு வீண் வேலை.

டைனமோட்டர் கிடைத்தால்? டிஎம்-33 வகை 28 வோல்ட்டில் 7 ஆம்பியர் அளவு இழுத்து, 540 வோல்ட்டில் 250 மில்லி ஆம்பியர் தரும். கிளம்பும் கணத்தில் இதைப் பல மடங்கு இழுக்கும், ஆகவே 10 ஆம்பியர் ஸ்விட்ச்-மோட் சப்ளை பாதுகாப்புக்குள் போய் அணைந்து அணைந்து எரியும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையோ இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளோ வேண்டும். பேரிங்கில் இறுகிப்போன கிரீஸைக் கழுவி நீக்கி, கம்யூட்டேட்டரின் கரிப்பொடியைத் துடைத்து, பிரஷ் நீளம் பார்த்த பிறகே சுழற்ற வேண்டும். இத்தனையும் செய்த பின் அறை முழுக்க ஊளைச்சத்தம் கேட்கும். கண்காட்சியில் அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. வீட்டில் அரை மணி நேரம் தாங்காது.

மாற்றத்தை ஏற்றுச் சரிசெய்வது

அந்தக் காலத்து மாற்றம் என்பதும் வரலாறுதான். கை தேர்ந்தவர் செய்ததாக இருந்தால், அதாவது வயர்கள் கட்டி ஓட்டப்பட்டு, சால்டர் பளபளப்பாக, முனைகள் டேக் ஸ்ட்ரிப்பில் சுற்றி இருந்தால், அதைப் பிய்த்துப் போடுவது அநியாயம். ஆனால் பவர் பகுதியில் மட்டும் யாரையும் நம்பக் கூடாது.

இரட்டைக் கம்பி வயரைத் தூக்கிவிட்டு மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தை சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். ஃபியூஸும் சுவிட்சும் லைவ் கம்பியில் வரட்டும். மெயின்ஸ் கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போகும் சின்னப் பேப்பர் கெப்பாசிட்டரைக் கண்டால் வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸே லைவ்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் கவனிக்க வேண்டியது. 5யு4 வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடு போட்டிருந்தால், வால்வில் விழுந்துகொண்டிருந்த 40, 50 வோல்ட் இப்போது விழாது. அதைவிடப் பெரிய தொல்லை, ஹீட்டர் சூடாகும் முன்பே முழு வோல்ட்டேஜ் வந்து நிற்பது. 400-0-400 டிரான்ஸ்ஃபார்மரில் லோடு இல்லாதபோது அது 565 வோல்ட் வரை போகும். 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று மட்டும் இருந்தால் வெடிப்பது நிச்சயம். 350 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டைச் சீரிஸாக்கி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போட்டால் வோல்ட்டேஜ் சமமாகப் பிரியும், அணைத்த பின் மின்னூட்டமும் தானே வடியும். வடிந்ததா என்பதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பார்க்கும் முன், கைப்பிடி உறையுள்ள முனையில் கட்டிய 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஐந்து விநாடி தொட்டுப் பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரம் அல்ல, கெப்பாசிட்டருக்கும் கெடுதல்.

மாற்றியவர் செய்த இன்னொரு தவறு ஒலியில் தெரியும். பிசி-456-ல் 12ஜே5 குரலைப் பெருக்க வைத்ததல்ல, அது டோன் ஆசிலேட்டர். கார்பன் மைக் நேரடியாக மைக் டிரான்ஸ்ஃபார்மர் வழியே 1625-ஐ ஓட்டியது. பாட்டு கேட்க விரும்பியவர் 12ஜே5-ஐ முன்பெருக்கியாக்கி, இடையே 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் போட்டிருப்பார். 1625-ன் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) ரெசிஸ்டர் 100 கிலோ ஓம் என்றால் இது 16 ஹெர்ட்ஸ் வரை பாஸை அனுப்பிவிடும். பேச்சுக்கென்று சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காமல் செறிவடைந்து குழறும். 0.005 மைக்ரோஃபாரடாக மாற்றுங்கள், வெட்டு 318 ஹெர்ட்ஸுக்கு ஏறும். பேச்சு கணீரென்று வரும். இதில் ஹை-ஃபை தேடுபவர் வேறு இடம் பார்க்கலாம்.

வெளியே பழசு, உள்ளே புதுசு

பேப்பர் கெப்பாசிட்டர்கள் எந்த வழியிலும் தப்பாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. முன்பெருக்கியின் பிளேட்டில் (வால்வின் உயர் வோல்ட்டேஜ் முனையில்) 150 வோல்ட். கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து 10 மெகா ஓம் ஆகிவிட்டது. மல்டிமீட்டரின் சில வோல்ட்டில் அளந்தால் இது நல்லது போலவே நடிக்கக்கூடும். ஆனால் கிரிட்டில் 1.5 வோல்ட் பாசிட்டிவாக ஏறும். நிலையான பயஸில் (கிரிட்டுக்கு வெளியிலிருந்து தரும் நெகட்டிவ் வோல்ட்டேஜில்) ஓடும் 1625-ல் ஒரு வோல்ட்டுக்கு 6 மில்லி ஆம்பியர் வீதம் 9 மில்லி ஆம்பியர் கூடும். 500 வோல்ட்டில் 45 மில்லி ஆம்பியர், 22.5 வாட் என்று இருந்தது 27 வாட் ஆகும். பிளேட்டின் வரம்பு 25 வாட். கொஞ்ச நேரத்தில் பிளேட் செம்மண் நிறத்தில் சிவக்கத் தொடங்கும். ஆகவே கெப்பாசிட்டரின் கிரிட் முனையைக் கழற்றி, உயர் வோல்ட்டேஜில் வைத்து அளப்பதே சோதனை.

பழுப்பு நிற பேக்லைட் சதுரங்களைப் பார்த்து மைக்கா என்று ஏமாற வேண்டாம். மைக்காமோல்ட் தயாரிப்புகளில் பலவற்றின் உள்ளே இருப்பது பேப்பர்தான்.

தொட்டி வடிவத் தகர கெப்பாசிட்டரை உள்ளே மாற்றுவது இந்த வழியின் முக்கிய வேலை. மூடியில் முதலில் 1 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். மூடிய தகரத்தைச் சூடேற்றினால் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். அந்த எண்ணெயில் நச்சுத்தன்மையுள்ள பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் இருக்கலாம் (அமெரிக்காவில் 1979-ல் தடையானது), எனவே நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், கழிவுக்குத் தனி டப்பா. பிறகு 100 வாட் அயர்னால் அடிமூடியைத் தளர்த்தி, பேப்பர் சுருளை எடுத்து, 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் மூன்றை உள்ளே வைத்து, மூடியை எபாக்சியால் ஒட்டலாம். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எதிரில் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சேசிஸ் அடியில் யாரும் பார்க்காத இடங்களில் இந்தச் சிரமம் தேவையில்லை, நேரடியாகப் புதியதை சால்டர் செய்துவிடலாம். கார்பன் ரெசிஸ்டர்களில் மதிப்பு 20 சதவிகிதத்துக்கு மேல் ஏறியவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

ஆக, சேசிஸும் டிரான்ஸ்ஃபார்மரும் முழுசாக இருந்தால் மூலச் சுற்றுக்குத் திருப்பி, கெப்பாசிட்டர்களை உள்ளே மாற்றி, டைனமோட்டர் இடத்தில் பழைய இணைப்பி வழியே வெளிச் சப்ளை ஒன்றைத் தருவது என் தேர்வு. நாளை யாராவது டைனமோட்டர் கண்டுபிடித்தால் மாட்டிக்கொள்ளட்டும். சேசிஸ் அறுபட்டிருந்தால் இரண்டாவது வழிதான், அலங்காரச் செலவு வேண்டாம்.

எந்த வழியிலும், வால்வுகளைக் கழற்றி வைத்து, மெயின்ஸில் 60 வாட் இழை பல்பைச் சீரிஸாகப் போட்டு முதல் முறை ஏற்றுங்கள். பல்பு கணம் மினுக்கி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் டிரான்ஸ்ஃபார்மரிலோ ஃபில்டரிலோ ஷார்ட். சேசிஸில் ஆரஞ்சு முத்திரையோடு பூஞ்சைத் தடுப்பு வார்னிஷ் இருந்தால் உப்புத்தாள் தேய்க்க வேண்டாம், சிலவற்றில் பாதரசச் சேர்மம் உண்டு. காட்மியம் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தாலும் அப்படியே: ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியைக் குப்பையில் போடாமல் தனியே கட்டி வையுங்கள்.