ஒன்பதரை மணி: மூன்று வருஷம் கேபிள் இல்லாமல் சீரியல் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டு ரிமோட்டில் ஓகே பட்டன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். மகளுடைய நெயில் பாலிஷ். 2022 ஜூலையில் கேபிளை நிறுத்திவிட்டு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினோம். அன்று ராத்திரியே அவள் வைத்த பொட்டு அது. “அப்பத்தா, ஒண்ணும் புரியலைன்னா சிவப்பை அமுக்கு” என்று சொல்லிக் கொடுத்தாள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இப்போது 72 வயது. மூன்று வருஷத்தில் அந்தப் பொட்டு தேய்ந்து தேய்ந்து நான்கு தடவை புதுசாக வைத்துவிட்டோம். அத்தனை அமுக்கு.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் இப்போது நிறையப் பேர் “கேபிளை எடுத்துரலாமா, நெட்டு மட்டும் போதுமா?” என்று கேட்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு டிவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருமங்கலத்தில் எங்கள் அப்பா மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பியதுதான். மதுரைச் சுற்றுவட்டாரத்துக்குத் தூர்தர்ஷன் அந்த மலையிலிருந்துதான் வந்தது. கீழே நின்று “தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு” என்று கத்துவது என் வேலை. 1987-ல் ஞாயிறு காலை ராமாயணம் ஒளிபரப்பானபோது எங்கள் வளவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் இருபது பேர் உட்கார்ந்து பார்த்தோம். கதை தெரியும், அது போதுமாக இருந்தது.

அப்புறம் சன் டிவி வந்தது, கேபிள் வந்தது. மர்மதேசம் வரிசையில் ‘விடாது கருப்பு’ ஓடிய நாட்களை மறக்கவே முடியாது. எழுதியவர் நம்ம மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் காலமானார். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, திரையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் அது வெறும் கதையாகவா இருக்கும்? முடிந்ததும் கொல்லைப்பக்கம் போக என் தம்பியைத் துணைக்குக் கூப்பிடுவேன். போன வருஷம் யூடியூபில் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கிராபிக்ஸைப் பார்த்து முதலில் சிரித்தாள். மூன்றாவது எபிசோடில் என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மெட்டி ஒலி ஓடிக்கொண்டிருந்தது. புது மருமகள், அத்தையிடம் என்ன பேசுவதென்று தெரியாது. அந்தச் சிதம்பரம் குடும்பத்து ஐந்து பெண்களைப் பற்றித்தான் முதலில் பேச ஆரம்பித்தோம். யார் மாமியார் கொடுமைக்காரி, எந்த மாப்பிள்ளை நல்லவன் என்று சீரியலைச் சாக்கிட்டு எங்களுக்குள் எத்தனையோ விஷயங்களைச் சொல்லிக்கொண்டோம். நேருக்கு நேர் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். இதை நான் மனசாரச் சொல்கிறேன்: சீரியல் குடும்பத்தைக் கெடுக்கும் என்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

கேபிள் காலத்தின் பெரிய கஷ்டம் மின்வெட்டு. 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களைப் பார்த்தோம். ராத்திரி சீரியல் நேரத்தில் பொட்டென்று போய்விட்டால் அன்றைய கதை போனதுதான். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில், கரண்ட் இருந்த தெருக்காரி யாராவது வந்தால் அவளைச் சுற்றி நிற்போம். எதிர்த்தெரு பூக்கார அக்கா கதை சொன்னால் அழுகிற இடத்தில் அழுது காட்டுவார். நிஜ எபிசோடை விட அது நன்றாக இருந்த நாளும் உண்டு.

செலவை எடுத்துக்கொண்டால், 2011 செப்டம்பரில் அரசு கேபிள் வந்தபோது மாசம் 70 ரூபாய். 2019 பிப்ரவரியில் புதுக் கட்டண முறை வந்ததும் நூறு சேனலுக்கு 130, வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்குத் தனி. இப்போது நெட்டுக்கும் ஆப்புகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. மகள் படிப்புக்கு எப்படியும் நெட் வேண்டும் என்பதால் தாங்குகிறோம். சீரியலுக்காக மட்டும் மாறுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மூன்று வருஷ அனுபவத்துக்கு வருகிறேன். முதலாவது, மைக் பட்டன். டைப் அடிக்கச் சொன்னால் அத்தை ரிமோட்டைக் கீழே வைத்திருப்பார். மைக்கை அமுக்கி “கோலங்கள் போடுய்யா” என்பார். அந்த ‘போடுய்யா’வையும் சேர்த்தே அது தேடும். ஆனாலும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் மைக் இல்லாத ரிமோட் வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டாவது, பழைய சீரியல்கள். அவை பழைய டப்பா டிவியின் அளவுக்கு எடுத்தவை. எங்கள் டிவி அதை இழுத்து முழுத் திரைக்கும் பரப்பியது. “ஏத்தா, தேவயானி இவ்வளவு குண்டாவா இருந்துச்சு?” என்று அத்தை கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. படச் செட்டிங்கில் போய் 4:3 என்று வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், முகம் முகமாக இருக்கும். அங்கேயே ‘மோஷன்’ என்று தொடங்கும் ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஆட்கள் வழுக்கிக்கொண்டு நடப்பது போல இருக்கிறது.

மூன்றாவது, ஒன்றரை வருஷத்தில் டிவி மந்தமாகிவிட்டது. உள்ளே இருப்பது 8 ஜிபிதான், அதில் பாதியை அதுவே பிடித்துக்கொள்கிறது. மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆப்பின் கேச்சையும், அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைக்கிறதையும், அழிக்கிறேன். அழிக்காத மாசம் மெனு நகர்வதற்குள் பால் பொங்கிவிடும்.

எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. அத்தை ஒரு பழைய சீரியலை ஒரு ஆப்பில் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் நம்பரை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். 312 வரை எழுதியிருந்தார். ஒரு நாள் சாயந்திரம் பார்த்தால் அந்தச் சீரியலே அங்கே இல்லை. ஒரு அறிவிப்பு கிடையாது. வருஷச் சந்தா கட்டி எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. புகார் எழுதினேன், “உரிமம் முடிந்தது” என்று ஒரு வரி பதில். அத்தை அந்தத் தாளை இன்னும் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒரு வயசான மனுஷி கதை பாதியில் நிற்கிறாள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இதை எல்லாம் விட நான் எதிர்பார்க்காதது வேறு. முதல் வருஷம் முடிவதற்குள் வீட்டில் யாரும் யாருடனும் உட்கார்ந்து பார்க்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றதும் ஆளுக்கொரு நேரம் ஆகிவிட்டது. அத்தை மத்தியானம், நான் சமையல் முடித்து போனில், மகள் பஸ்ஸில் ஒன்றரை மடங்கு வேகத்தில். ஒரு சேனலின் ஆப்பில் அன்றைய எபிசோடு காலையிலேயே வந்துவிடுகிறது. அத்தை பார்த்துவிட்டு மேலூரில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போன் போட்டுக் கதையைச் சொல்லிவிடுவார். ராத்திரி கேபிளில் பார்க்கிற அவளுக்குக் கோபம் வரும். “அம்மா, இனி போன் பண்ணாத” என்று ஒரு வாரம் பேச்சு நின்றது. எனக்கும் அத்தைக்கும் பேசிக்கொள்ளவே விஷயம் குறைந்துபோனது. அவர் நேற்றில் இருப்பார், நான் முந்தாநாளில் இருப்பேன், என்ன பேசுவது?

2023 செப்டம்பர் 8 அன்று எல்லாம் மாறியது. அப்போது ராத்திரி ஒன்பதரை மணிச் சீரியல் ‘எதிர்நீச்சல்’ உச்சத்தில் இருந்தது. கதை நடப்பது மதுரையில். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்து மனிதர். அவர் “இந்தாம்மா ஏய்” என்று கூப்பிட்டால் அது நடிப்பில் வந்த பேச்சு இல்லை, நம்ம ஊர்ப் பெரியப்பா ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து அதட்டுவது போலவே இருக்கும். அந்த ஆளை அத்தனை பேரும் திட்டினோம், அத்தனை பேரும் அவருக்காகத்தான் பார்த்தோம். அன்று காலை டப்பிங்குக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார் என்று போனில் செய்தி. அத்தை சாப்பிடவில்லை.

ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார், பின்னாலேயே பூக்கார அக்கா. அவர்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. “தனியா பாக்க மனசு வரல அத்தை” என்று சொல்லி எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மகள் போனைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரலையைப் போட்டோம். ஏற்கனவே எடுத்து வைத்த காட்சிகளில் அவர் வந்தார், அதே அதட்டல், அதே நடை. ஒருத்தரும் பேசவில்லை. விளம்பர இடைவேளையில் பூக்கார அக்காதான் முதலில் அழுதார்.

மறுநாளிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். எந்த ஆப்பில் எப்போது வந்தாலும் சரி, எங்கள் வீட்டில் ஒன்பதரைக்குத்தான் போடுவது என்று சொன்னேன். கணவர் சிரித்தார், மகள் முணுமுணுத்தாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிறகு அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்ததையும், 2024 ஜூனில் சீரியல் முடிந்ததையும் அதே கூடத்தில் அதே ஐந்து பேராகத்தான் பார்த்தோம். முடிந்த மறுநாள் ஒன்பதரைக்கு பூக்கார அக்கா பழக்கத்தில் வந்து நின்றுவிட்டார். என்ன செய்வது? அதே இயக்குநர் திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ யூடியூபில் இருந்தது, முதல் எபிசோடிலிருந்து போட்டேன். 1,500-க்கு மேல் எபிசோடுகள். இப்போது அறுநூறைத் தாண்டியிருக்கிறோம். அத்தை நம்பரை மறுபடியும் காலண்டர் தாளில் எழுதுகிறார்.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது: கேபிளை நிறுத்தலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்து, நெட் எப்படியும் வேண்டும் என்றால் நிறுத்துங்கள். ஒரு ஆப்பை நம்பி வருஷச் சந்தா கட்டாதீர்கள், மாசாமாசம் கட்டுங்கள். 4:3, மைக், கேச் மூன்றையும் மறக்காதீர்கள். நேரத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதை எந்த ஆப்பும் வைத்துத் தராது.

நேற்று ஒன்பது இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பூக்கார அக்கா முந்தின நாள் கதையை ஒரு தடவை சொன்னார், அழுகிற இடத்தோடு. ஒன்பது ஐம்பதுக்கு கரண்ட் வந்தது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிய இன்னும் இரண்டு நிமிஷம். மகள் சீரியலின் டைட்டில் பாட்டைத் தள்ளிவிடப் பார்த்தாள். “இருடீ, பாட்டு ஓடட்டும்” என்றார் அத்தை.