புட் ஆஃபா, கால் ஆஃபா?

2020-இல் கொரோனா பரவியபோது டோக்கியோ ஒலிம்பிக்கை மார்ச் 24 அன்று ‘புட் ஆஃப்’ செய்தார்கள். அது 2021 ஜூலை 23-இல் தொடங்கியது. விம்பிள்டனை ஏப்ரல் 1 அன்று ‘கால் ஆஃப்’ செய்தார்கள். அந்த ஆண்டுப் போட்டி நடக்கவே இல்லை. முன்னது தள்ளிப்போடுவது, பின்னது அடியோடு ரத்து. இரண்டுக்கும் ஒரே ‘ஆஃப்’ வால் இருப்பதால்தான் தடுமாற்றம். கல்யாணம் புட் ஆஃப் ஆனால் புதுத் தேதிக்குப் பத்திரிகை அடித்தால் போதும். கால் ஆஃப் என்றால் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சரி, ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது புட் ஆஃப் எதற்கு? லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின்னால், ‘போனெரே’ என்றால் வைப்பது. நம் ‘தள்ளிவை’ போலத்தான். பொருள் ஒன்று, இடம்தான் வேறு. சுற்றறிக்கைக்குப் போஸ்ட்போன், நண்பரிடம் பேச புட் ஆஃப். ஆனால் பல் டாக்டரிடம் போகாமல் நாள் கடத்துகிறோமே, அந்தச் சோம்பலும் பயமும் புட் ஆஃபில்தான் ஒட்டும். போஸ்ட்போனில் அது ஏதோ திட்டமிட்ட முடிவு போலத் தெரியும். இன்னொன்று, ‘அந்த நாற்றத்தில் சாப்பிடவே பிடிக்கவில்லை’ என்பதற்கும் ‘புட் மீ ஆஃப்’ என்பார்கள். அங்கே போஸ்ட்போனுக்கு வேலையே இல்லை.

இலக்கணத்தில் இரண்டு இடங்களில் சறுக்கும். ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ தவறு. அடுத்து வினை வந்தால் ‘புட் ஆஃப் கோயிங்’. ‘டு கோ’ கூடாது.

தள்ளிப்போடுவதற்கு எதிர்த்திசையில், அதாவது முன்தேதிக்கு மாற்றுவதற்கு, நம் ஊர் ஆபீஸ்களின் செல்லப்பிள்ளை ‘ப்ரீபோன்’. பிரிட்டனில் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்பார்கள். ப்ரீபோனைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அதனால் வெளிநாட்டுக்கு எழுதும்போது தவிர்க்கலாம். உள்ளூரில் அதைக் கேலி செய்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்துவிட்டோம் என்றால், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களிலும் சிலர் திங்கள் என்கிறார்கள், சிலர் வெள்ளி என்கிறார்கள். ப்ரீபோன் என்றால் திங்கள்தான்.