அமுக்கிப் பிடிப்பதா, மூன்று தரம் அலைவதா?

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் கடைவாய்ப் பால்பல்லில் சூத்தை விழுந்தது, மகனுக்கு நாலு வயதில், மகளுக்கு ஐந்து வயதில். மகனைக் கையைக் காலைப் பிடித்து ஒரே நாளில் முடித்தோம். மகளுக்காக மூன்று தரம் அலைந்தோம். முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற வழியும் இருக்கிறது. ரொரன்ரோவில் அக்காவின் மகனுக்கு அப்படித்தான் செய்தார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. இன்னொரு பிள்ளை இருந்தாலும் அலையத்தான் செய்வேன்.

அமுக்கிப் பிடிப்பதன் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஓட்டோச் செலவு, ஒரு அரைநாள் லீவு, விசயம் முடிந்தது. மகனுக்கு இரவிரவாகப் பல்லுக்கொதி. விடிந்ததும் ஒரு தனியார் இடத்துக்குக் கொண்டு ஓடினோம். வாயைத் திறக்க மாட்டேன் என்றான். "பிடியுங்கோ, ரெண்டு நிமிசம்தான்" என்றார்கள். மிஸ்ஸி (தாதி) தலையை, மனைவி கைகளை, நான் கால்களை. குளறினான். பத்து நிமிடத்தில் பல் வெளியே வந்துவிட்டது. வீட்டில் அம்மா, "எங்கட காலத்திலயும் இப்பிடித்தான் புடுங்கினவை, ஆர் செத்தது?" என்றார். ஒருவரும் சாகவில்லை, உண்மைதான். அந்தக் காலத்தில் குளறுகிற பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவதுகூட அமெரிக்காவில் ஒரு முறையாகவே இருந்தது. அங்குள்ள குழந்தைப் பல் மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டலில் இருந்து அதை எடுத்தது 2006 இல்தான்.

பிறகு வந்ததைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. சலூன் கதிரையைக் கண்டாலே மகன் அழத் தொடங்கினான். ஆறு வயதில் வாயின் கடைசியில், பால்பற்களுக்குப் பின்னால், புதுக் கடைவாய்ப்பல் முளைத்தது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் நிறையப் பேர் இதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். "விழுகிற பல்லுத்தானே" என்று நானும் இருந்துவிட்டேன். அது விழாது, ஆயுளுக்கும் அதுதான். மேலும் கீழுமாக நாலு. மேற்பரப்பு முழுக்கப் பள்ளமும் வெடிப்புமாக இருப்பதால் சூத்தை முதலில் பிடிப்பதும் அதைத்தான். அந்தப் பல்லில் கறுப்பு விழுந்தபோது மகன் பல் வைத்தியரின் வாசற்படியே ஏற மறுத்தான். நாலு வயதுக்காரனை மூன்று பேர் பிடிக்கலாம். ஏழு வயதுக்காரனைப் பிடிக்க முடியாது.

ஆகவே அன்றைக்கு அந்தப் பல்லை எப்படிச் செய்து முடிப்பது என்பதைவிட, அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்குமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். பால்பற்கள் இருபது. கடைசியானது விழப் பன்னிரண்டு வயதாகிவிடும். அதுவரை எத்தனை தரம் அந்தக் கதிரையில் ஏற வேண்டிவரும் என்று யாருக்குத் தெரியும்?

மகளைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளை அங்கே பார்ப்பார்கள், காசில்லை. முதல் நாள் அங்கே பல் பார்க்கிற மிஸ் கதிரையை ஏற்றி இறக்கிக் காட்டினார், கண்ணாடியை வைத்துப் பல்லை எண்ணினார். அவ்வளவுதான். இதற்கா அரைநாள் லீவு போட்டேன் என்று எனக்கு எரிச்சல். இரண்டாம் நாள், பல்லை மினுக்குகிற சுழலும் பிரஷை முதலில் மகளின் நகத்தில் ஓடவிட்டார், காற்றடிக்கிற குழாயை உள்ளங்கையில் பிடித்தார், பிறகுதான் வாய்க்குள். சொல்வது, காட்டுவது, செய்வது: 1959 இல் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கர் எழுதிவைத்த முறை இது என்று பிறகு வாசித்தேன். துளைக்கிற மெஷினுக்கு "வண்டு" என்று பெயர் வைத்தார். விறைக்கப்பண்ணுகிற ஊசிக்கு மட்டும் செல்லப்பெயர் வைத்து ஏய்க்கவில்லை. "நுள்ளுற மாதிரி இருக்கும், அஞ்சு எண்ணிறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். நானோ வாசலிலேயே "ஒண்டும் நோகாது" என்று பொய் சொல்லிவிட்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அடைத்தார். எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் இடது கையை உயர்த்து என்று மகளிடம் சொல்லியிருந்தார். அவள் சோதித்துப் பார்க்கவே இரண்டு தரம் உயர்த்தினாள் என்று நினைக்கிறேன். இரண்டு தரமும் வண்டு உடனே நின்றது. மூன்றாம் தரம் அவள் கை உயரவே இல்லை. பெருமையில் நேராக நல்லூரடிக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். விறைப்பு எடுபடாத உதட்டைச் சப்பிச் சப்பி, இரவு அது பணியாரம் போல் வீங்கிவிட்டது. அது என் பிழை. விறைப்பு போகும்வரை ஒன்றும் கொடுக்கக் கூடாது.

இந்த வழி எல்லா நேரத்துக்கும் சரிவராது. முகம் வீங்கிக் காய்ச்சலும் காய்ந்தால் மூன்று தரம் அலைய நேரமில்லை, அன்றைக்கே காட்ட வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சொல்லி விளங்கவைக்கவும் முடியாது. தகப்பனும் வைத்தியரும் முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்து மடியில் கிடத்திப் பார்ப்பதுதான் வழி. அதுவும் பிடிப்பதுதான், ஆனால் மகனைப் பிடித்த பிடி அல்ல.

முழு மயக்கம் பற்றி எனக்குத் தெரிந்தது அக்கா சொன்னது மட்டுமே. அக்காவின் மகனுக்கு அப்போது நாலு வயது. ஒரே தரத்தில் ஆறு பல். இரவிலிருந்து சாப்பாடில்லை, காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிட்டார்கள். "அவனுக்கு ஒண்டும் நினைவில்லை. எனக்குத்தான் அந்த ஒண்டரை மணித்தியாலம் ஒரு வருசம்" என்றார். நிறையப் பல் பழுதாகி, பிள்ளையும் மிகச் சின்னதென்றால் அதுவே நல்லதாக இருக்கலாம். பெற்றோரின் எண்ணமும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1984 இல் அமெரிக்காவில் பெற்றோருக்கு வீடியோவில் ஒவ்வொரு முறையையும் காட்டிக் கேட்டபோது, சொல்லிக் காட்டிச் செய்வதையே கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். முழு மயக்கமும் பலகையோடு சேர்த்துக் கட்டுவதும் கடைசிக்குப் போயின. 2005 இல் திரும்பக் கேட்டபோது முதலிடம் மாறவில்லை, முழு மயக்கமோ மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது. எனக்கு அதில் இருக்கிற குறை ஒன்றுதான். பிள்ளைக்குப் பயமும் வராது, பழக்கமும் வராது. அடுத்த தரம் முதலாம் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்று கேட்பவர்களுக்கு: நில்லுங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். வைத்தியரும் தகப்பனும் ஒரே நேரத்தில் கதைத்தால் பிள்ளை யாரைக் கேட்கும்?

போன மாதம் மகளின் பல்லைக் காட்டப் போகும்போது மகனையும் சும்மா கூட்டிப்போனேன். அவனுக்கு இப்போது எட்டு வயது. தங்கை ஏறி இருந்து வாயைத் திறந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்கள் பிடிக்க மாட்டீங்கள்தானே?" என்றான். இல்லையென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஏறினான். கண்ணாடிக்கு வாயைத் திறந்தான். வண்டைக் காட்டியதும் இடது கை உயர்ந்தது. மிஸ் நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் வரச் சொல்லித் திகதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.