எஃபி பிரீஸ்ட்: நாலு பேர் வேண்டாம், ஒருவர் போதும்

ஜெர்மன் எழுத்தாளர் தியோடார் ஃபொண்டானவின் ‘எஃபி பிரீஸ்ட்’ 1895இல் புத்தகமாக வந்தது. மொத்தம் 36 அத்தியாயங்கள். ஊருக்குப் பயந்த கணவர்கள் பழைய நாவல்களில் நிறைய உண்டு. அந்தப் பயம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல் அபூர்வம்.

எஃபிக்கு வயது 17, மாப்பிள்ளை இன்ஸ்டெட்டனுக்கு 38. ஒரு காலத்தில் எஃபியின் அம்மாவை விரும்பியவர். பால்டிக் கடலோரத்தில் கெஸ்ஸின் என்ற கற்பனை ஊரில் அவர் மாவட்ட நிர்வாகி. வீட்டில் பேய் நடமாட்டம் என்று எஃபி நடுங்குகிறாள். வீட்டை விற்றுவிடலாம் என்று கெஞ்சுகிறாள். பெண்டாட்டி பேயைப் பார்த்தாள் என்று அதிகாரி வீட்டை விற்றான் என ஊர் சிரித்தால் அதிலிருந்து மீளவே முடியாது என்கிறார் அவர். பத்தாம் அத்தியாயத்தில் வரும் இந்தப் பேச்சை நிதானமாகப் படியுங்கள். இதைத் தவறவிட்டால் பிற்பாடு நடப்பதெல்லாம் திடுதிப்பென்று முளைத்ததுபோல் இருக்கும்.

மேஜர் கிராம்பாஸுடன் எஃபிக்கு ஏற்படும் உறவை ஃபொண்டான நேராக எழுதவே இல்லை. குதிரைச் சவாரி, பனிவண்டிப் பயணம், நீளும் உலாக்கள்: நாம்தான் ஊகிக்க வேண்டும். வேகமாகப் புரட்டுகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பெர்லினில், மகள் ஆன்னி விழுந்து நெற்றியில் அடிபடுகிறாள். கட்டுப்போடத் துணி தேடித் தையல் மேசையை உடைக்கிறார்கள். கிராம்பாஸ் எஃபிக்கு எழுதிய பழைய கடிதங்கள் வெளியே வந்து இன்ஸ்டெட்டன் கையில் சிக்குகின்றன. எஃபி அப்போது எம்ஸ் நகரில் சிகிச்சையில் இருக்கிறாள்.

அடுத்து வரும் 27ஆம் அத்தியாயத்துக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். கிராம்பாஸை மானம் காக்கும் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்க முடிவுசெய்து, இன்ஸ்டெட்டன் தன் நண்பர் வுல்லர்ஸ்டார்ஃபை வரவழைக்கிறார். தனக்கு வெறுப்போ பழிவாங்கும் தாகமோ இல்லை, மனைவியை இன்னும் நேசிக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு ஏன் சண்டை என்று நண்பர் கேட்கிறார். கூட்டாக வாழும் மனிதர்களிடையே ஒரு சட்டம் உருவாகிவிட்டது; அது அன்பையும் பார்க்காது, கடந்துபோன காலத்தையும் பார்க்காது என்பது ஒரு பதில். இன்னொன்று இதைவிடக் கூர்மையானது: உங்களிடம் சொல்லிவிட்டேன், இனி இதை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் முகத்தை நான் படித்துக்கொண்டே இருப்பேன். நண்பரால் மறுக்க முடியவில்லை. கிராம்பாஸ் சாகும் துப்பாக்கிச் சண்டையை அடுத்த அத்தியாயத்தில் சட்டென்று முடித்துவிடுகிறார் ஃபொண்டான. அதுவும் சரியான முடிவுதான்.

கதைக்கு நிஜ மூலம் உண்டு. அர்டென் என்ற ராணுவ அதிகாரி 1886இல் மனைவியின் காதலரான நீதிபதி ஹார்ட்விக்கைச் சுட்டுக் கொன்றார். அந்த மனைவி எலிசபெத் 1952 வரை வாழ்ந்தார்.

குறை என்றால் கிராம்பாஸ். மெல்லிய கோட்டில் வரைந்த ஆள். எஃபி ஏன் அவரிடம் போனாள் என்பதைவிட ஏன் வீட்டில் தனியாக இருந்தாள் என்பதுதான் நன்றாகப் புரிகிறது.

ஆங்கிலத்தில் வாங்குவதானால் ரோரிசன், சேம்பர்ஸ் இருவரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு (1995) அல்லது ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட மைக் மிட்செலின் மொழிபெயர்ப்பு (2015). முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். இத்தகைய பதிப்புகளின் முன்னுரைகள் முடிவைச் சொல்லிவிடும்.