நடுத்தூண் இல்லாத 20 அடி ஹால்: கடலோர மாடிக்கு எந்த இரும்பு உத்தரம்?

கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பக்கம் இரும்பு உத்தரமும் சிமெண்ட் போர்டும் வைத்து மாடி எழுப்புகிறவர்களுக்கு முதலிலேயே முடிவைச் சொல்லிவிடலாம். 20 அடிக்கு நடுத்தூண் வேண்டாம் என்றால் ஐ.எஸ்.எம்.பி. 250 வாங்குங்கள்; 250 மி.மீ. உயரமுள்ள, 'I' எழுத்து வடிவ இரும்பு உத்தரம், அதாவது ஐ பீம். 200-தான் கைக்கு அடங்கும் என்றால் ஹாலை 18 அடியாகக் குறைத்து, உத்தரங்களை 3 அடிக்கு ஒன்றாக வையுங்கள். மெல்லிய தகட்டை 'C' வடிவில் மடித்த சி பர்லினை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

குடியிருக்கும் அறைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சொல்லும் புழங்குபாரம், அதாவது ஆட்களும் சாமான்களும் ஏற்றும் பாரம், சதுர மீட்டருக்கு 200 கிலோ. போர்டு, டைல்ஸ், கீழ்ச் சீலிங் எல்லாம் சேர்த்து இன்னொரு 150 வைத்துக்கொள்ளலாம். 4 அடி இடைவெளியில் 20 அடிக்குப் போட்ட 200 பீம் முழுப் பாரத்தில் நடுவில் சுமார் 21 மி.மீ. தொய்யும். அதில் புழங்குபாரத்தால் வருவது 11 மி.மீ.; நீளத்தில் 360-ல் ஒரு பங்கு என்ற வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறது. அதனால் காகிதத்தில் தேறிவிடும், ஒடியவும் ஒடியாது. ஆனால் தரை நொடிக்கு 6 தடவை அளவில் அதிரும். 8-க்குக் கீழே போனாலே நடக்கிற காலுக்குத் தெரியும். பிள்ளைகள் ஓடினால் அலமாரிப் பாத்திரம் கிலுங்கும், டைல்ஸ் இணைப்பு விரியும். 250 பீமுக்கு இதே இடத்தில் மொத்தத் தொய்வு 9 மி.மீ., அதிர்வும் 8-ஐத் தாண்டிவிடும். மீட்டருக்கு 12 கிலோ இரும்பு கூடுதல். அந்தக் காசு வீண் போகாது.

18 அடிக்கு இன்னொரு லாபம் உண்டு. ஐ பீம் வழக்கமாக 12 மீட்டர் நீளத்தில் வரும். 18 அடியோடு இரு சுவரிலும் 200 மி.மீ. இருக்கை சேர்த்தால் 5.9 மீட்டர், ஒரு நீளத்தில் இரண்டு உத்தரம், துண்டு மிச்சமில்லை. 20 அடி என்றால் 6.5 மீட்டர் வெட்ட வேண்டும், மீதி 5.5 மீட்டரைப் பக்கத்து அறைக்கு இப்போதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். மிச்சத் துண்டை ஒட்டி வெல்டிங் வைத்து நடுவில் போடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொய்வும் இழுவையும் உச்சமாக இருக்கும் இடமே அதுதான்.

சி பர்லின் ஏன் ஆகாது? 200 மி.மீ. உயரம், 2 மி.மீ. தகடு கொண்ட பர்லினின் விறைப்பு, அதே உயர ஐ பீமில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து வெல்டிங் வைத்துத் தருகிறார்கள். உள்நாட்டில் அது கூரைக்குப் போதும். இங்கே அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்புக்காற்று நுழையும், பிரஷ் நுழையாது. 200 ஐ பீமின் நடுத்தகடு 5.7 மி.மீ., மேல்கீழ்ப் பட்டை 10 முதல் 10.8. துரு இரு பக்கமும் அரை மி.மீ. தின்றால் ஐ பீம் தாங்கும், 2 மி.மீ. தகட்டில் பாதி போய்விடும்.

பனைமரத்தை அறுத்துச் செய்யும் பனங்கை உத்தரம் பற்றியும் கேட்கிறார்கள். வைரம் பாய்ந்த பனை ஓட்டுக்கூரைக்கு நல்ல சரக்கு. குடியிருக்கும் தரைக்கு 10 அடியைத் தாண்டி அதை நம்ப வேண்டாம்.

பூச்சுக்கு ரெட் ஆக்சைடு மட்டும் போதாது. பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் துருவால் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. மணல் பீச்சித் துருவை எடுத்து, அன்றைக்கே துத்தநாக எபாக்சி பிரைமர், மேலே எபாக்சி, கடைசியில் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட், எல்லாம் சேர்ந்து 250 மைக்ரான். வெல்டிங்கை விட்டு விட்டு வைக்காமல் முழுக்க ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இடுக்கில் உப்பு தங்கும்.

போர்டு 18 மி.மீ.க்குக் குறையாமல், கீழே 2 அடிக்கு ஒரு 75 மி.மீ. சேனல். போர்டின் விளிம்பு சேனல் மேலேயே முடிய வேண்டும். நடுவில் 3 மி.மீ. இடைவெளி. ஸ்குரூ எவர்சில்வரில் வாங்குங்கள். அது தானாகத் துளைக்காது, முன்கூட்டியே டிரில் போட வேண்டும். வெல்டர் சலித்துக்கொள்வார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் துருப்பிடிப்பது சுவருக்குள் இருக்கும் முனை, அதிலும் கொண்டலும் வாடையும் அறையும் பக்கத்து முனை. பீமைச் செங்கல்லில் நேராக உட்கார வைக்காமல், கான்கிரீட் கட்டை மேல் 12 மி.மீ. தகடு போட்டு வையுங்கள். அந்தக் கட்டைக்குக் கடல் மணல் கலந்தால் உள்ளிருந்தே அரிக்கும். முனையைச் சுற்றிக் கலவை அடைக்காமல் ஓரங்குல வெளி விட்டால், வருஷத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

வாங்கும்போது எடைமேடையில் ஏற்றுங்கள். 12 மீட்டர் 200 பீம் 290 முதல் 305 கிலோ வர வேண்டும். 270 வந்தால் அது மெலிந்த சரக்கு. லாரியிலிருந்து இறக்க விடாதீர்கள்.