பத்து கோர் இருந்தும் வி.எம். இழுக்கிறதா? விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர் இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில்

வார இறுதிகளில் நாலைந்து பேருக்கு லினக்ஸ் சர்வர் வேலை சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாரும் அவரவர் லேப்டாப்பைக் கொண்டுவருவார்கள். முதல் நாள் வேலையே ஒரு விர்ச்சுவல் மெஷினை (வி.எம்., அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை) உருவாக்கி அதில் உபுண்டு சர்வரை ஏற்றுவதுதான். போன மாதம் ஒரு தம்பி, "அண்ணே, பத்து கோர் பிராசஸர், அதுல எட்டை வி.எம்.முக்கே கொடுத்துட்டேன், அப்பவும் இழுக்குது" என்று வந்து நின்றான். அன்று மதியம் முழுக்க அந்த லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அதில் பார்த்ததையும், சில வருடங்களாக விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் என்ற இரண்டு வி.எம். மென்பொருள்களையும் ஓட்டியதில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். புதிதாக லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது.

அவனுடையது இன்டெல் ஐ5-1235யூ. நம் ஊரில் நிறைய லேப்டாப்களில் இருக்கும் சிப்தான். பத்து கோரில் இரண்டு மட்டும்தான் முழு பலம் உள்ள பி-கோர். மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைத்த சிறிய இ-கோர்கள். பி-கோர் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் (வேலைத் தொடர்) ஓட்டும், இ-கோர் ஒன்றுதான் ஓட்டும், ஆக மொத்தம் 12. பி-கோர் அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ் போகும், இ-கோர் 3.3-இல் நின்றுவிடும். அதைவிட முக்கியம், ஒரே வேகத்தில் ஓடினாலும் ஒரு சுற்றில் பி-கோர் முடிக்கிற வேலையை இ-கோர் முடிக்காது. விற்கிற கடையில் "10 கோர்" என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தார்களாம், இரண்டும் எட்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

வி.எம். மென்பொருளும் சொல்லாது. விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகளில் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் கோட்டில் பச்சைப் பகுதி, சிவப்புப் பகுதி என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நல்ல வசதிதான், ஆனால் எது பி-கோர், எது இ-கோர் என்ற பேச்சே அதில் கிடையாது. வி.எம்.வேரிலும் வெறும் எண்தான். உள்ளே ஓடுகிற லினக்ஸுக்கும் தனக்குக் கிடைத்த எட்டும் ஒரே மாதிரி கோர் என்றுதான் தோன்றும். அதனால் வேலையைச் சமமாகப் பிரித்துப் போடும், சிறிய கோரில் மாட்டிய துண்டு முடிகிறவரை மற்றவை காத்திருக்கும். இதற்கு நடுவில் விண்டோஸ், பிரவுசர், வைரஸ் ஸ்கேனர் எல்லாம் அதே கோர்களுக்கு வரிசையில் நிற்கின்றன.

எட்டை இரண்டாகக் குறைத்தோம். வி.எம். வேகம் கூடியது. அவனால் நம்பவே முடியவில்லை, திரும்ப எட்டு வைத்து, திரும்ப இரண்டு வைத்து, மூன்று தடவை பார்த்தான். விர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டிலேயே இது தெளிவாக இருக்கிறது: இயந்திரத்தில் நிஜமாக உள்ள கோர்களைவிட அதிகமாகக் கொடுக்காதீர்கள், ஹைப்பர்த்ரெட்டை (ஒரே கோர் ஓட்டும் இரண்டாவது த்ரெட்டை) கணக்கில் சேர்க்காதீர்கள் என்று. நான் இன்னும் ஒரு படி இறங்கிச் சொல்வேன்: இந்த மாதிரி கலப்புச் சிப்பில் பி-கோர் எத்தனையோ அத்தனையில் தொடங்குங்கள், நிஜமாகவே போதவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள்.

அடுத்தது விண்டோஸ் 11 செய்கிற ஒரு வேலை. ஒரு நிரலின் சன்னலைச் சுருக்கிவிட்டாலோ பின்னால் தள்ளிவிட்டாலோ, அது அவசரமில்லாத வேலை என்று முடிவு செய்து இ-கோர்களுக்கு அனுப்பிவிடும். மியூசிக் பிளேயருக்கு இது சரி. உள்ளே டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கிற வி.எம்.முக்கு இது சரியில்லை. 12-ஆம் தலைமுறை இன்டெல் வந்ததிலிருந்து வி.எம்.வேர் பயன்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிற விஷயம் இது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னலைச் சுருக்கிப் பாருங்கள், வேலை முழுவதும் இ-கோர் கட்டங்களுக்கு நகர்ந்தால் இதுதான் காரணம். மென்பொருளை அட்மின் உரிமையோடு திறப்பது ஒரு வழி. பவர் மோடை அதிக செயல்திறனில் வைப்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது பவர்சிஎஃப்ஜி கட்டளை: அதில் பவர் த்ராட்லிங்கை அணைக்கச் சொல்லி, வி.எம்.மை உண்மையில் ஓட்டுகிற வி.எம்.வேர்-வி.எம்.எக்ஸ் கோப்பின் பாதையைக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் மின்சிக்கனம் நின்றுவிடும், மற்ற எதற்கும் பேட்டரி வீணாகாது.

சரி, கோர் கதை இவ்வளவு. இதைவிட அதிகம் பேரைத் திணற வைப்பது வன்பொருள் மெய்நிகராக்கம் (வி.எம். ஓட்டுவதற்கென்று சிப்பிலேயே உள்ள வசதி) யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

இன்டெல் இந்த வசதியை விடி-எக்ஸ் என்ற பெயரில் 2005-இலும், ஏ.எம்.டி. தன்னுடையதை ஏ.எம்.டி.-வி என்ற பெயரில் 2006-இலும் சிப்புக்குள் கொண்டுவந்துவிட்டன. விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-இலிருந்து, அதாவது 2019 கடைசியிலிருந்து, இது இல்லாமல் எந்த வி.எம்.மும் எழாது. பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பில்) அணைந்திருந்தால் போய் இயக்கிவிட வேண்டும், அது ஐந்து நிமிட வேலை. சிக்கல் எங்கே என்றால், இப்போதைய விண்டோஸில் கோர் ஐசொலேஷன் என்ற பாதுகாப்பு அமைப்பின் கீழ் மெமரி இன்டெக்ரிட்டி என்ற தேர்வு பல புது லேப்டாப்களில் தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 நிறுவியிருப்பீர்கள், நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் நிறுவியிருப்பீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் மைக்ரோசாஃப்டின் சொந்த வி.எம். தளமான ஹைப்பர்-வி உட்கார்ந்து விடி-எக்ஸைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது. பிறகு வருகிற மென்பொருள் அதனிடம் கேட்டு வாங்கித்தான் ஓட வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் இந்த நிலையில் ஓடும்போது வி.எம். சன்னலின் கீழ்ப் பட்டையில் பச்சை ஆமை ஒன்றைக் காட்டும். நேர்மையான அடையாளம், அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த முறையில் ஓடுகிற கெஸ்ட் (வி.எம்.முக்குள் இருக்கும் இயங்குதளம்) மெதுவாக இருக்கும், அதோடு ஏ.வி.எக்ஸ். கட்டளைகள் (பல கணக்குகளை ஒரே அடியாகச் செய்யும் பிராசஸர் வசதி) உள்ளே தெரியாமல் போவதுண்டு. மோங்கோடிபி டேட்டாபேஸுக்கு 5.0-இலிருந்து ஏ.வி.எக்ஸ். கட்டாயம், இல்லையென்றால் சர்வர் எழும்போதே "செல்லாத கட்டளை" என்று விழுந்துவிடும். பிராசஸர் புத்தம் புதிதாக இருக்கும், ஏ.வி.எக்ஸ். அதில் நிச்சயம் இருக்கும், ஆனாலும் வி.எம்.முக்குள் இல்லை என்று வரும். லினக்ஸில் எல்.எஸ்.சி.பி.யூ. கட்டளையை அடித்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், தயவுசெய்து மோங்கோவைத் திரும்பத் திரும்ப நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வி.எம்.வேர் இங்கே முந்துகிறது என்பது என் தீர்ப்பு. 2020-இல் வந்த 15.5.5-இலேயே ஹைப்பர்-வி மேல் ஓடப் பழகிவிட்டார்கள். மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்காமலேயே என் தினசரி வேலைக்கு நன்றாக ஓடுகிறது, திரை நகர்வும் மவுஸும் இயல்பாக இருக்கின்றன. ஒரு வரம்பு மட்டும் உண்டு. அந்த நிலையில் வி.எம்.முக்குள் இன்னொரு வி.எம். ஓட்ட முடியாது, விடி-எக்ஸை உள்ளே காட்டச் சொன்னால் இந்தத் தளத்தில் ஆதரவு இல்லை என்று நின்றுவிடும். அது தேவைப்படுகிறவர்கள் ஹைப்பர்-வியை அணைத்துத்தான் ஆக வேண்டும், அல்லது ஹைப்பர்-வியிலேயே வி.எம். உருவாக்கிக்கொள்ளலாம். அலுவலக லேப்டாப் என்றால் பாதுகாப்பு அமைப்பை நீங்களாக அணைக்காதீர்கள், ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

வி.எம்.வேரில் இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். பிராசஸர்கள் எத்தனை, ஒரு பிராசஸருக்குக் கோர் எத்தனை என்று இரண்டு எண் கேட்பார்கள். நான்கு பிராசஸர், தலா ஒரு கோர் என்று வைத்து உள்ளே விண்டோஸ் ஹோம் போட்டால் அது ஒன்றைத்தான் பயன்படுத்தும், ஏனென்றால் ஹோம் பதிப்புக்கு ஒரு சாக்கெட்தான் (ஒரு தனி பிராசஸர்தான்) அனுமதி, புரோவுக்கு இரண்டு. ஒரு பிராசஸர், நான்கு கோர் என்று மாற்றினால் நான்கும் வேலை செய்யும். பெருக்கினால் இரண்டுக்கும் அதே நான்குதான் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

விலையைப் பொறுத்தவரை இப்போது யோசிக்க வேண்டியதில்லை. வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 மே மாதம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகிவிட்டது. வி.எம்.வேரை வாங்கிய பிராட்காம் நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கித்தான் இறக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸை இறக்கக் கணக்கே வேண்டாம், மூல நிரலும் திறந்திருக்கிறது, கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு மட்டும் தனி உரிமம். வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரே வி.எம்.மைக் கொடுக்க வேண்டும் என்றால் நான் இன்றும் விர்ச்சுவல்பாக்ஸைத்தான் எடுக்கிறேன், விண்டோஸ் வைத்திருப்பவனும் லினக்ஸ் வைத்திருப்பவனும் ஒரே குறிப்பைப் பார்த்துச் செய்யலாம்.

அப்படிக் கொடுக்கும்போது வி.எம்.மை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். பாதியில் உறைய வைத்த நிலையில் கொடுத்தால், இன்டெல்லில் உறைந்தது ஏ.எம்.டி.யில் எழாது, இன்டெல்லிலேயே தலைமுறை மாறினாலும் தகராறு செய்யலாம். ஆப்பிளின் எம் வரிசை மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோப்பு எப்படியும் உதவாது, அங்கே ஆர்ம் கட்டமைப்புக்கான உபுண்டுவைத் தனியாக ஏற்ற வேண்டும்.

வீட்டில் எனக்கு ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. 2011-இன் ஐ5-2400, நான்கே கோர், நான்கும் ஒரே மாதிரி. லினக்ஸும் அதன் சொந்த வி.எம். வசதியான கே.வி.எம்.மும் போட்டு இரண்டு சிறிய சர்வர் வி.எம்.களை ஓட்டுகிறேன், நிதானமாக ஓடுகின்றன. ஆனால் அதில் ஏ.வி.எக்ஸ். மட்டும்தான், அதற்கு அடுத்து வந்த ஏ.வி.எக்ஸ். 2 கிடையாது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 கேட்கிற குறைந்தபட்சத் தகுதியில் ஏ.வி.எக்ஸ். 2 இருக்கிறது, அதனால் அது இந்த இயந்திரத்தில் எந்த வி.எம்.மிலும் எழாது. சிப்பில் இல்லாததை வி.எம். மென்பொருளால் வேகமாகத் தர முடியாது. அதற்கு இணையான இலவச அல்மாலினக்ஸ் 10 பழைய சிப்களுக்கென்று தனிப் பதிப்பு தருகிறது, இந்த மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

லினக்ஸை ஹோஸ்டாக (வி.எம்.மைத் தாங்கும் முதன்மை இயங்குதளமாக) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 6.12-இலிருந்து கே.வி.எம். மாட்யூல் ஏறும்போதே விடி-எக்ஸைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் எழ மறுக்கலாம். கே.வி.எம். மாட்யூலை இறக்கிவிட்டால் சரியாகும். ஆனால் லினக்ஸ்தான் ஹோஸ்ட் என்றால் கே.வி.எம்.மையே பயன்படுத்துங்கள் என்பேன், ஹோஸ்ட் சிப்பின் வசதிகளை அப்படியே கெஸ்டுக்குக் காட்டும் அமைப்பு அதில் ஒரு தேர்வில் வந்துவிடுகிறது.

அந்தத் தம்பியின் லேப்டாப்பில் இப்போது வொர்க்ஸ்டேஷன் புரோ, இரண்டு கோர், 4 ஜி.பி. மெமரி. அடுத்த வாரம் பல சர்வர்களில் நிரல்களைப் பிரித்து ஓட்டும் குபர்நெட்டிஸ் தொடங்குகிறோம், அதற்கு மூன்று வி.எம். வேண்டும், இரண்டே பி-கோர் உள்ள சிப்பில் மூன்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோர் வைத்துப் பார்க்கப் போகிறோம்.